அப்பல்லோ கணினிக்குத் தகவல்: ரேடியோவில் ஏற்றுவதா, வாயால் சொல்வதா?

முதலில் ஒன்று: நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் கணினியில் நிரலை மாற்றவே முடியாது, அது கம்பியாக நெய்யப்பட்டது. ஹூஸ்டன் தரைக் கட்டுப்பாட்டு மையத்தால் தொட முடிந்தது 2,048 சொற்கள் (கணினியின் நினைவக அலகுகள்) கொண்ட அழிநினைவகத்தை, அதாவது அழித்து எழுதக்கூடிய நினைவகத்தை மட்டும்.

வேகம்
ரேடியோ: விண்வெளி வீரர் சுவிட்சை 'அக்செப்ட்' (ஏற்றுக்கொள்) பக்கம் தள்ளினால் போதும், எண்கள் தாமாக ஏறும்.
வாய்வழி: ஐந்தைந்து இலக்கமாகக் கேட்டு, தாளில் எழுதி, திருப்பிப் படித்து, பிறகு விசையில் தட்ட வேண்டும். பொறுமை வேண்டும் சாமி!

பிழை
ரேடியோ: ஒவ்வொரு விசைக்குறியும் (ஒரு விசையைக் குறிக்கும் 0, 1 வரிசை) மூன்று முறை போகும், நடுவில் உள்ளது தலைகீழாக, அதாவது 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. ஒத்துவராவிட்டால் கணினி ஏற்காது.
வாய்வழி: திருப்பிப் படிப்பதுதான் காவல்.

கலத்தின் இடம், வேகம் போன்ற வழக்கமான எண்களுக்கு ரேடியோதான். நிலவின் மறுபக்கத்தில் தொடர்பே இருக்காது. அங்கே கைகொடுப்பது முன்கூட்டியே எழுதிவைத்த தாள்.

1971 பிப்ரவரி, அப்பல்லோ 14. யாரும் அழுத்தாமலே 'அபார்ட்' (இறங்குவதைக் கைவிடு) பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சமிக்ஞை. அப்படியே இறங்கத் தொடங்கினால் பாதியில் மேலே கிளம்பிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நிரலாளர் டான் ஐல்ஸ் மாற்றுவழி எழுதினார். ஹூஸ்டன் வாயால் சொல்ல, கலத்தில் இருந்த வீரர் எட்கர் மிட்செல் விசை விசையாகத் தட்டினார். இறங்கினார்கள்.