கொழும்பு வானில் ஹரிக்கேனும் ஜீரோவும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தது மிட்சுபிஷி ஜீரோ போர்விமானம். இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் எதிர்த்து எழுந்தது பிரிட்டனின் ஹாக்கர் ஹரிக்கேன். அன்று ஹரிக்கேன்கள் வரிசையாக விழுந்தன. ஜப்பானியப் பதிவுகளின்படி அவர்கள் இழந்த ஜீரோ ஒன்றே ஒன்று. இதை வைத்து ஹரிக்கேனை உதவாத விமானம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் எடையைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டின் இறக்கைப் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்று: ஜீரோவுக்கு 22.4 சதுர மீட்டர், ஹரிக்கேனுக்கு 24-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் பறக்கத் தயாரான ஜீரோவின் எடை சுமார் 2,400 கிலோ; ஹரிக்கேனின் 2பி ரகம் அதைவிட ஏறக்குறைய ஒரு டன் கூடுதல். ஒரே அளவு இறக்கை, ஒரு டன் அதிகச் சுமை: இலகுவான ஜீரோ இன்னும் குறுகிய வட்டத்தில் திரும்பிவிடும். ஜீரோவோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் கணக்கு தேவையில்லை. ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சின் 1,200 குதிரைத்திறனுக்கு மேல் தந்தது, ஜீரோவின் சகாயே எஞ்சின் 950 அளவில்தான். அப்படியும் தாழ்வான உயரத்தில் மேலேறுவதில் ஜீரோவுக்கே கை ஓங்கியிருந்தது.

அந்த ஒரு டன் எங்கே போனது? கனமான மெர்லினும் அதைக் குளிர்விக்கும் திரவமும் ரேடியேட்டரும் ஒரு பங்கு. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு, குண்டு பட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டிகள், இறக்கைகளில் 12 இயந்திரத் துப்பாக்கிகள். அப்புறம், உருக்குக் குழாய்ச் சட்டகம்; பின்னுடலில் அதன் மேல் மரச்சட்டமும் துணியும். சிட்னி காம் இதை வடிவமைத்துப் பறக்கவிட்டது 1935-ல், அந்தக் காலத்துக் கட்டுமானம். ஆனாலும் அடி தாங்கும், களத்திலேயே ஒட்டுப்போட்டு மறுபடி பறக்கவிடலாம்.

ஜீரோவில் கவசம் கிடையாது, தொட்டிகளுக்குப் பாதுகாப்பும் கிடையாது. அதை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷி ஒவ்வொரு கிராமையும் செதுக்கி எடுத்தார். இறக்கையையும் உடலின் முன்பகுதியையும் ஒரே துண்டாகக் கட்டி, இணைப்புகளின் எடையைக்கூட மிச்சப்படுத்தினார். கழற்றிவிடும் தொட்டியோடு 3,000 கிலோமீட்டர் பறக்கும் போர்விமானம் 1940-ல் வேறு எங்கே இருந்தது? பொறியியலாக எனக்கு ஜீரோ மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தொட்டியில் நெருப்புக்குண்டு பட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஆயுதத்தில் ஜீரோவின் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் பயங்கரமானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான், ஏழு வினாடி சுட்டால் காலி. மிச்சம் இரண்டு சிறு துப்பாக்கிகள். ஹரிக்கேனின் 12 துப்பாக்கிகளும் அதே 7.7 மில்லிமீட்டர் ரகம்தான். ஆனால் கவசமில்லாத விமானத்துக்கு அதுவே போதும்.

உச்ச வேகம் இரண்டுக்கும் மணிக்கு 530, 540 கிலோமீட்டர் என்று நெருங்கியே இருந்தது. ஹரிக்கேன் அதை எட்டியது ஆறாயிரம் மீட்டருக்கு மேலே, ஜீரோ நாலரை ஆயிரத்தில். மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. வேகம் கூடக்கூட ஜீரோவின் எலெரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்கள்) இறுகிப்போய், விமானியால் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பக்கவாட்டில் அசைக்கவே பாடுபட வேண்டியிருந்தது. அலாஸ்கா பக்கம் அகுடான் தீவில் கிடைத்த ஒரு ஜீரோவைச் சரிசெய்து 1942 செப்டம்பரில் அமெரிக்கர்கள் பறக்கவிட்டபோது இது சோதனையில் உறுதியானது. கொழும்புக்கு ஐந்து மாதம் தாமதம்.

அதனால் ஹரிக்கேனுக்கு வழி ஒன்றுதான்: மேலே இருக்க வேண்டும், பாய்ந்து சுட வேண்டும், நிற்காமல் போய்விட வேண்டும். அன்று காலை அந்த உயரம் கிடைக்கவில்லை. முந்தைய நாளே கனடிய விமானி லெனர்ட் பர்ச்சல் கட்டலினா என்ற ரோந்து விமானத்தில் சென்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தார். இருந்தும் விமானங்கள் வந்த நேரத்தில் முன்னறிவிப்பு இல்லை. இரத்மலானையில் ஜப்பானியர் தலைக்கு மேல் வந்த பிறகே பல ஹரிக்கேன்கள் ஓடுபாதையில் உருளத் தொடங்கின. மூன்றரை டன் விமானம் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அதன் ஆகப் பலவீனமான நேரம். போதாததற்கு, ஐரோப்பாவில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர்விமானத்தைத் திருப்பத்தில் மடக்கிப் பழகிய உத்தியை இங்கே ஜீரோவிடம் காட்டினால் அது தற்கொலை.

ஆக, தரைக்கு அருகே, முன்னறிவிப்பின்றி என்றால் ஜீரோதான், அதில் பேச்சே இல்லை. பத்து நிமிட அவகாசமும் ஆறாயிரம் மீட்டர் உயரமும் கிடைக்குமென்றால் நான் ஹரிக்கேனில்தான் ஏறுவேன், அந்தக் கவசத் தகட்டுக்காகவே.