ஓவன் சூடு பிழைத்தால்: தெர்மோமீற்றரா, மல்ரிமீற்றரா, நேரே புதுச் சென்சரா?

போன மார்கழி, நத்தாருக்கு முதல் கிழமை, எங்கள் ஓவனில் 180 பாகையில் 40 நிமிடம் வைத்த பட்டர் கேக் மேலே வெளிறி, நடுவில் மாவாகவே இருந்தது. திருத்த வந்தவர் பின்பக்கத் தகட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் "சென்சர் போயிட்டுது அண்ணை" என்றார். சூட்டை அறிந்து சொல்லும் அந்தச் சின்னப் பாகத்தைக் கொழும்பிலிருந்து புதுசாக எடுப்பித்துப் போட இரண்டு கிழமை ஆனது. அடுத்த கேக்கும் அதே மாவுதான்.

எதையும் அளக்காமல் சாமானை மாற்றிப் பார்ப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. சென்சரில்தான் பிழை என்றால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், சரி. ஆனால் சூடு குறைவதற்குச் சூடாக்கும் கீழ்க்கம்பி எரிந்திருக்கலாம், கதவு ரப்பர் இறுகியிருக்கலாம், வயர் துருப்பிடித்திருக்கலாம். இத்தனையையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றுவது காசை வைத்துப் பார்க்கும் வேலை. இந்த வழி எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மோமீற்றர் இதைவிட எவ்வளவோ நல்லது. நடுத்தட்டில் வைத்து 180-இல் விட்டு, குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். எந்த ஓவனும் சூடு ஏறி நின்று, இறங்கித் திரும்ப ஏறுகிற ஒன்று என்பதால் ஒருமுறை பார்த்த எண்ணை நம்பக்கூடாது, ஐந்தாறு தடவை கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். தெர்மோமீற்றர் இல்லாதவர்கள் ஒரு கரண்டி சீனியைத் தட்டில் பரப்பி 15 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். சீனி ஏறக்குறைய 186 பாகையில் உருகும், அதனால் 175-இல் மணியாகவே இருந்து 195-இல் உருகினால் ஓவன் பெரிய பிழையில் இல்லை. என் தெர்மோமீற்றர் 150-ஐ ஒட்டியே நின்றது. ஆக, 30 பாகை குறைவு. ஆனால் குறைகிறது என்பதைத்தான் தெர்மோமீற்றர் சொல்லும், யார் குற்றம் என்று சொல்லாது.

அதைச் சொல்வது, மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்ரிமீற்றர். எண் காட்டும் புதிய ஓவன்களில் பெரும்பாலும் பிளாட்டினம் சென்சர் இருக்கும், சூடு கூடக் கூட அதன் ஓமும் கூடும். அதில் பிடி 1000 (Pt1000) என்ற வகை 0 பாகையில் 1000 ஓம், நம் ஊரின் 30 பாகை அறைச் சூட்டில் 1117 ஓம் அளவு, 100 பாகையில் 1385 ஓம் காட்ட வேண்டும். பிடி 500 என்றால் எல்லாம் பாதி. பிளக்கைக் கழற்றி, ஓவன் முழுக்க ஆறிய பிறகு சென்சரின் இரண்டு வயரையும் பிரித்து அளக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். அப்புறம் ஒரு வயருக்கும் சென்சரின் உலோகக் குழலுக்கும் இடையே அளந்து பாருங்கள், அங்கே எந்த இணைப்பும் காட்டக்கூடாது.

அறைச் சூட்டில் சரியாகக் காட்டுகிற சென்சர் சூடேறியதும் பிழைக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. சென்சரைக் கழற்றி, வயர்ப்பக்கம் நனையாமல் நுனியை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், இங்கே தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் இதையே செய்தால் 94 பாகைக்குப் பக்கத்தில் கொதித்துவிடும், எண் குறைவாக வரும், நல்ல சென்சரைப் பிழை என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் இரண்டு இடத்தில் அளந்தேன். சென்சரின் வாயிலேயே வைத்தபோது 1117. கொன்ட்ரோல் போர்டில் செருகும் முனையைக் கழற்றி அங்கே வைத்தபோது 1220. இடையிலே 103 ஓம் எங்கிருந்து வந்தது? எங்கள் வீடு பாசையூரில், கடற்காற்று நேரே வந்து அடிக்கிற இடம். வயர் நடுவிலுள்ள கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓம் கூடினால் போர்ட் சூடு கூடிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும். இந்த வகைச் சென்சரில் பாகைக்கு 3.7 ஓம் அளவு என்பதால் 103 ஓம் கிட்டத்தட்ட 28 பாகை. உள்ளே 152 இருக்கும்போதே 180 ஆகிவிட்டது என்று நினைத்துக் கம்பியை நிறுத்தியிருக்கிறது. தெர்மோமீற்றர் சொன்னதும் இதுவும் பொருந்தின. அந்தத் துண்டை வெட்டி, பீங்கான் கனெக்டர் போட்டேன். ஓவன் முதுகில் சாதாரண ஈயப்பற்றையும் ஒட்டும் ரேப்பையும் நம்பாதீர்கள், அந்தப் பற்று 183 பாகையிலேயே இளகிவிடும்.

மல்ரிமீற்றரால் இன்னொரு இலாபம்: அதே மீற்றரால் கீழ்க்கம்பியையும் பார்க்கலாம். 2000 வாட் கம்பி 230 வோல்ட்டுக்கு 26 ஓம் அளவு காட்டும், எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

ஆனால் குமிழைத் திருப்பும் சின்ன மேசை ஓவன்களில் இந்த ஓம் கணக்குச் செல்லாது. அவற்றில் பிளாட்டினம் சென்சர் இல்லை, திரவம் நிரப்பிய சின்னக் குழலோ இரட்டை உலோகத் தகடோதான் சூட்டை அறிகிறது. அங்கே தெர்மோமீற்றர்தான் ஒரே துணை. கொன்வெக்‌ஷன் மைக்ரோவேவை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

கனெக்டர் மாற்றியபின் தெர்மோமீற்றர் 176-க்கும் 184-க்கும் இடையில் நிற்கிறது. திருத்தியவர் கழற்றி விட்டுப்போன பழைய சென்சர் லாச்சிக்குள் கிடந்தது. அதன் நுனியையும் கொதிதண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். 1384 ஓம்.