யாகுஷிமா ஜோமோன் சுகி: வழிகாட்டியோடு ஒரு நாள் நடை, காசுக்குத் தகுமா?

தகும். ஆனால் வழி காட்டுவதற்காக அல்ல. ஜப்பானின் தெற்கே யாகுஷிமா தீவில், அரகாவா என்ற இடத்தில் தொடங்கி, ஜோமோன் சுகி என்ற மிகப் பழைய மரத்துக்குப் போகும் இந்தப் பாதையில் தொலைந்துபோவதே கஷ்டம். போக வர 22 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பழைய மரம்வெட்டு ரயிலின் தண்டவாளத்திலேயே போகிறது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம், நம் வேகத்தை அடக்கவும் நாம் பார்க்காமல் தாண்டுவதைப் பார்க்க வைக்கவும்தான்.

மார்ச் முதல் நவம்பர் வரை அரகாவாவுக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. விடியற்காலை ஐந்து மணி வாக்கில் பேருந்து பிடிக்க வேண்டும். மலைப் பராமரிப்புக்கு ஆளுக்கு 1000 யென் வாங்குகிறார்கள். நன்கொடை என்றுதான் பெயர், தாராளமாகக் கொடுக்கலாம்.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மேல் ஜப்பானியர்கள். வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. தண்டவாளத்தில் எல்லோரும் விறுவிறுவென்று நடக்க, அவர் மட்டும் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் நடந்தார். முதலில் எரிச்சலாக இருந்தது. தண்டவாளம் முடிந்து மலைப்பாதை ஆரம்பித்ததும் காரணம் புரிந்தது. இரண்டரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் ஏற்றம். படிகளும் வேர்களும் மாறி மாறி. எங்களை முந்திப் போனவர்கள் அங்கே ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குள் இந்த இடத்துக்கும், மதியம் ஒரு மணிக்குள் பெரிய மரத்துக்கும் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது இங்கே எழுதப்பட்ட விதி. அந்த நிதான நடையிலேயே இரண்டுக்கும் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம்.

பார்க்க வைத்ததற்கு வருகிறேன். இந்த மலையில் ஆயிரம் வயதைத் தாண்டிய சுகி என்ற ஊசியிலை மரத்துக்குத்தான் யாகுசுகி என்ற மரியாதை. கருங்கல் மலை, சத்தில்லாத மண். மரம் மெதுவாக வளர்ந்து பிசின் ஏறி இறுகுகிறது, சீக்கிரம் மக்குவதில்லை. எடோ காலத்தில் (1603-1868) கூரை வேயும் பலகைச் சில்லுகளுக்காக இவற்றை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். அந்த அடிக்கட்டைகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. பாசி போர்த்திய ஒரு தடித்த மரத்தின் பக்கவாட்டில், உள்ளங்கை நுழையும் அளவு ஒரு பள்ளத்தை அந்த அம்மா காட்டினார். மரம் நேராகப் பிளக்குமா என்று கோடரியால் கொத்திப் பார்த்த தழும்பாம். பிளக்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள், மரம் பிழைத்துக்கொண்டது. ஜோமோன் சுகியே முடிச்சும் முறுக்குமாக இருந்ததால்தான் தப்பியது என்கிறார்கள். நான் தனியாக வந்திருந்தால் அந்தப் பள்ளத்தைக் கவனித்தே இருக்க மாட்டேன்.

வழியில் வரும் வில்சன் அடிக்கட்டை என்ற பெரிய அடிமரம் இங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்தது. 1914-இல் இங்கே வந்த தாவர ஆய்வாளர் எர்னஸ்ட் வில்சனின் பெயர். உள்ளே ஒரு அறை அளவுக்குப் பொந்து. தரையில் ஊற்று ஓடுகிறது. ஒரு மூலையில் குனிந்து அண்ணாந்தால் மேலே திறப்பு இதய வடிவில் தெரியும். படம் எடுக்கப் பெரிய வரிசை.

அப்புறம் ஜோமோன் சுகி. 25.3 மீட்டர் உயரம், 16.4 மீட்டர் சுற்றளவு. வயது இரண்டாயிரம் சொச்சத்திலிருந்து 7200 வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேரை மிதித்துக் கெடுக்கக் கூடாது என்று தள்ளியே மேடை போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தள்ளி நின்று பார்க்கும்போது மரத்தின் பருமன் உறைக்கவில்லை. "இதுக்காடா இவ்வளவு நடந்தோம்?" என்றான் கூட வந்த நண்பன். எனக்கும் வழியில் பார்த்த பெயரில்லாத அடிக்கட்டைகள்தான் பிடித்திருந்தன.

திரும்பும் தண்டவாளம் சலிப்பு. நடுவில் பலகை போட்டிருந்தாலும் நனைந்தால் வழுக்கும். சில பாலங்களுக்குக் கைப்பிடி கிடையாது. மரம்வெட்டிகள் குடியிருந்து 1970-இல் காலியான கொசுகிதானி ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்ததுதான் ஆறுதல்.

குறை என்றால், மேலே ஏறியபின் கழிப்பறை கிடையாது. சின்ன மறைப்பறைகள் உண்டு. கழிவுக்கான பை நம்முடையது, பயன்படுத்தியபின் சுமந்து வருவதும் நாமே. இதை முன்பதிவின்போது ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த மழைக்கோட்டு தையலோரம் ஒழுகி, மதியத்துக்குள் தோள் நனைந்துவிட்டது. மலைமேல் வருடத்துக்கு 8000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் தீவில் இப்படி ஒரு கோட்டை வாடகைக்கு விடலாமா? மேல்சட்டை, கால்சட்டை தனித்தனியாக உள்ள நல்ல மழையுடையைச் சொந்தமாகக் கொண்டுபோங்கள். சைவக்காரர்கள் கட்டுச்சோற்றுக் கடையில் உமேபோஷி என்ற உப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்றுருண்டை மட்டும் கேட்டு வாங்குவது உத்தமம். மற்றதில் மீன் எப்படியாவது நுழைந்துவிடும்.

முட்டிவலி உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களும் இதை விட்டுவிட்டு இதே தீவிலுள்ள ஷிராதானி உன்சுய்கியோ என்ற காட்டுப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். அரை நாள் போதும், பாசி அங்கேதான் இன்னும் அடர்த்தி.