அப்பத்தாவின் கைநாட்டும் அப்பா எழுதாத உயிலும்

இம்முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனது, அப்பா விட்டுச்சென்ற வீட்டை அம்மாவின் பெயருக்கு மாற்றுவதற்காக. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், கிடைத்துவிட்டது. வில்லங்கச் சான்று இணையத்திலேயே வந்தது. இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, தொண்ணூறு வயதைக் கடந்த எங்கள் அப்பத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பத்திரப்பதிவு அலுவலகத்தின் குறுகலான மாடிப்படிகளில் தூக்கிச் சென்ற அந்தக் காலைப்பொழுதைப் பற்றித்தான்.

அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு அப்பத்தா ஏன் வர வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டோம். பத்திர எழுத்தர் வாரிசுச் சான்றிதழில் இருந்த நான்கு பெயர்களையும் விரலால் தொட்டுக் காட்டினார்: அம்மா, நான், தங்கை, அப்பத்தா. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், அவருடைய மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசாகிறார், பங்கும் சமபங்கு. ஆக, அந்த வீட்டில் கால் பங்கு அப்பத்தாவுடையது. அவர் அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் காலமாகிவிட்டால், அந்தக் கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். சித்தப்பா, அத்தைமார் எல்லோரும் பங்குதாரர்கள் ஆவார்கள். இறந்துபோன அப்பாவின் பங்குக்காக எங்கள் பெயர்களும் அதில் மறுபடி வரும். ஒருவருக்கும் அந்த வீட்டின் மேல் ஆசையில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வந்தாக வேண்டும். அவர்களில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார்.

எனவே அப்பத்தாவை அழைத்துச் சென்றோம். அலுவலகம் எப்படி இருக்கும் என்பதை ஊர்க்காரர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஜெராக்ஸ் கடைகளும் பத்திர எழுத்தர்களின் மேசைகளும் கீழே, பதிவு மாடியில். முன்பதிவு செய்திருந்த நேரம் கடந்து நெடுநேரம் கழித்தே அழைத்தார்கள். விரல் ரேகையைப் பதிவு செய்யும் சிறிய கருவியில் அப்பத்தாவின் பெருவிரலை வைத்தபோது, அது ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தார்கள், ஏற்கவில்லை. வேறு விரலை வைத்தார்கள், அதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்த கை அது. ரேகை தேய்ந்து விரல் நுனிகள் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தன. கருவியோடு போராடிக்கொண்டிருந்த அந்த இளைஞரைப் பார்த்து அப்பத்தா கேட்டார்: “என் மகன் கட்டுன வீட்டுல எனக்கு எதுக்குய்யா பங்கு? அது என் மருமக வீடுய்யா.” அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: “சட்டம் உங்களுக்கும் பங்கு குடுத்திருக்கு ஆத்தா. வேணாம்னா, அதை எழுதித்தான் குடுக்கணும்.”

கடைசியில் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில், இடக்கை மோதிர விரலைக் கருவி ஏற்றுக்கொண்டது. பிறகு மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கைநாட்டு வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு சார்பதிவாளர், “முன்கூட்டியே மனு கொடுத்திருந்தால் நானே வீட்டுக்கு வந்திருப்பேனே” என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு கொதிக்க வைத்தது என்பதைச் சொல்லி மாளாது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலேயே, உடல் நலிவால் வர இயலாதவர்களின் வீட்டுக்கு அலுவலர் சென்று பதிவு செய்ய வழி இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் சட்டத்தில் இருக்கும் வசதி, அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட அத்தனை அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு வரியாகக்கூட இல்லை. பல்லாண்டுகளாக அதே வாசலில் தொழில் செய்யும் பத்திர எழுத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சிங்கப்பூரில் 2022 மே மாதத்திலிருந்து, மருத்துவர் இறப்பைச் சான்றளித்ததுமே அது தானாகப் பதிவாகிவிடுகிறது. இறப்புச் சான்றிதழைக் குடும்பத்தார் இணையத்தில் இறக்கிக்கொள்கிறார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அரசே வரிசைப்படுத்திச் சொல்கிறது. நம் ஊரில் வசதி இல்லை என்பதைவிட, இருக்கும் வசதி தேவைப்படுகிறவரின் காதுக்கு எட்டுவதில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

ஆனால் அலுவலகத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. அப்பா ஒரு தாளில் “என் வீடு என் மனைவிக்கு” என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருந்தால், அப்பத்தா அந்தப் படிகளை ஏறியிருக்கவே வேண்டியதில்லை. அப்பா படிக்காதவர் அல்லர். மின்கட்டண ரசீதைக்கூட ஆண்டுவாரியாக அடுக்கிவைத்த மனிதர். உயில் என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்குள் பகை உள்ளவர்களும் எழுதுவது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவர் வயதொத்த எல்லோருக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் பகை இல்லை, வழக்கு இல்லை, ஒரு மனத்தாங்கல்கூட இல்லை. சண்டையில்லாத குடும்பத்துக்கே இத்தனை அலைச்சல் என்பதைத்தான் நான் ஊரில் பார்த்தேன். பணக்காரருக்கு வழக்கறிஞரும் ஆடிட்டரும் இருக்கிறார்கள், அலைவதற்கு ஆளும் இருக்கிறது. ஒரே ஒரு வீடும் கொஞ்சம் வைப்புத்தொகையும் உள்ள சாதாரணக் குடும்பத்துக்குத்தான் உயில் அதிகம் தேவைப்படுகிறது.

சட்டம் தானாகவே சரியாகப் பிரித்துக்கொடுத்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள், ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி இறந்தால், மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்குப் பங்கே கிடையாது. அங்கே தாயை விட்டுவிடுகிறார்கள், இங்கே தாய்க்குச் சமபங்கு கொடுக்கிறார்கள். இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், மகனை நம்பியிருக்கும் தாயை மறக்காத நம் சட்டத்தின் பக்கமே நான் நிற்பேன். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் நம் வீட்டு நிலவரம் தெரியாது. அப்பத்தாவுக்கு வேண்டியது வீட்டில் பங்கு அல்ல, கடைசிவரை அந்த வீட்டில் இருக்க இடமும் மருந்துச் செலவும்தான். அதை உயிலில்தான் எழுத முடியும்.

வங்கியில் இன்னொரு குழப்பத்தைக் கண்டேன். நாமினி பெயர் கொடுத்திருந்ததால் அப்பாவின் பணம் அம்மாவின் கைக்குச் சிக்கலின்றி வந்தது. உடனே உறவினர் பலர், “நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு?” என்று கேட்டார்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர். அதன் உரிமையாளர் அல்லர். நிறுவனப் பங்குகள் பற்றி 2023-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம் என்ற நல்ல வசதி வந்திருக்கிறது. அதனாலும் வாரிசுரிமை மாறிவிடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை இல்லாத, கணவரை இழந்த ஓர் இந்துப் பெண் தன் சொந்த உழைப்பில் வீடு வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், அந்த வீடு அவரைப் பெற்ற தாய்தந்தையருக்கு முன்பாக அவருடைய கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சொத்து, கணவர் வழி உறவினருக்கே சேரும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2025 நவம்பரில், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் செவிலியரும் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இத்தனைக்கும் உயில் எழுதுவது நம் ஊர் நடைமுறைகளிலேயே எளிமையானது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்திட்டதைப் பார்த்த குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் பின்னாளில் ஐயம் குறையும். மனம் மாறினால் உயிலை மாற்றி எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே எழுத முடியும், முஸ்லிம்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்டு என்பவற்றைக் கவனித்தால் போதும். ஆனால் ஊரில் பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது அன்றே கைமாறிவிடும். பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். உயில் அப்படியல்ல. எழுதியவரின் கண் மூடும்வரை வீடு அவருடையது.

விடுதலைப் பத்திரம் பதிவானதும் அம்மா தன் உயிலையும் எழுதிப் பதிந்துவிட்டார். அப்பத்தா இருக்கும்வரை அந்த வீட்டில் வாழ உரிமை உண்டு என்பது அதன் முதல் ஏற்பாடு. சாட்சிகளாக அம்மாவைவிட வயதில் மிக இளைய இருவரைத் தேர்ந்தெடுத்தோம், பின்னாளில் உயிலை மெய்ப்பிக்க வேண்டி வந்தால் சாட்சி உயிருடன் இருக்க வேண்டும் என்பதற்காக. உயிலில் எழுதியபடி எல்லாவற்றையும் செய்துமுடிக்க வேண்டிய நிறைவேற்றுநராக என்னைப் போடச் சொன்ன அம்மாவிடம், ஊரிலேயே இருக்கும் தங்கையைப் போடச் சொன்னேன். நான் என்றால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் விமானம் ஏற வேண்டும், அல்லது தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும்.