நிவோலுமாப் ஏற்றப் போகிறவர்களுக்கு: இந்த டே கேர் எப்படி? (4/5)

அப்பாவுக்கு வாய்ப்புற்று. ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்ப வந்துவிட்டதால், 3 வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராக ஏவும்) ஊசி ஏற்ற இங்கே கூட்டி வருகிறேன். வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்த விலை எங்களுக்குக் கட்டாது. இங்கே தருவது 20. கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். காசுக்கேத்த தோசைதானோ என்று சந்தேகப்பட்டேன். டாக்டர் மும்பை டாடா மெமோரியலின் 2022 ஆய்வைக் காட்டினார்: வெறும் மாத்திரையில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், இந்த ஊசியும் சேர்ந்தபோது 43.4.

குப்பியோ 40 மில்லிகிராம். திறந்தால் மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அதனால் இரண்டு பேரை ஒரே நாளில் ஜோடி சேர்க்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சிஸ்டர் ஆளுக்கு 2 மில்லி உறிஞ்சி, சலைன் பையில் கலந்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவதை நாமே பார்க்கலாம். பில்லும் அரைக் குப்பிக்குத்தான். அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "வெள்ளை அணு ஏறியிருக்கா டாக்டர்?" அவர் சலிக்காமல் சொல்வார்: "எண்ணிக்கையில ஒண்ணும் இல்லைங்க ஐயா." அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு பாக்டீரியாவோடு மல்லுக்கட்டும் நியூட்ரோஃபில் என்ற வகை. புற்றணுவை அடையாளம் கண்டு கொல்வது டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள். பல நேரம் அவை கட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் சும்மா இருக்கும். அவற்றின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம். புற்றணு தன் மேல் உள்ள பிடி-எல்1 என்ற புரதத்தை அதில் பொருத்தி, போலி அடையாள அட்டை காட்டி வாட்ச்மேனைத் தாண்டுகிற மாதிரி தப்பித்துவிடுகிறது. மருந்து அந்த பிடி-1-ஐ மூடிவிடும், அவ்வளவுதான். புது அணு எதையும் உண்டாக்காது. (வாசலில் 'இம்யூனிட்டி பவுடர்' நோட்டீஸ் கொடுப்பவரிடம் இதை யாராவது சொன்னால் தேவலை.)

அவிழ்த்துவிட்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல் மீதும் பாயலாம். அதனால் டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்கள். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்காமல் உடனே கூப்பிடச் சொல்லி, போன் நம்பர் எழுதிய அட்டையும் தருகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டபோதும் எடுத்தார்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது ஏன் என்றால், ஜோடி ஆள் வராவிட்டால் நம் ஊசியும் தள்ளிப்போகும், அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்களுக்கு நடந்தது, திருமங்கலத்திலிருந்து கிளம்பி வந்தது வீண். துணைக்கு வருகிறவர்களுக்கு நாற்காலியும் இல்லை. முந்தின நாள் மாலையே போன் போட்டு, அந்த இன்னொருவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.