கிருஷ்ணகிரி பக்கம் சில்லறைல காஸ்டிக் சோடா வாங்குறவங்க கவனத்துக்கு: 4,200 ரூபாய் போச்சு

சோப்பு, பினாயில் மூலப்பொருள் சில்லறையில் விற்கிற கடை. பேர் வேண்டாம். வீட்டுல சோப்பு செய்ய அங்கே வாங்கின 2 கிலோ காஸ்டிக்கால 10 கிலோ எண்ணெய் நாசம். வாசனை எண்ணெயும் சேர்த்து மொத்தம் 4,200 ரூபாய்.

"உங்க கணக்கு தப்பா இருக்கும்"னு யாரும் வரவேண்டாம், அளவை இங்கேயே போட்டுடறேன். தேங்காய் எண்ணெய் 7 கிலோ, வேப்பெண்ணெய் 2, விளக்கெண்ணெய் 1. சோப்பாக மாற கிலோவுக்கு முறையே 183, 139, 128 கிராம் காஸ்டிக் வேணும். கூட்டினா 1,687, காஸ்டிக் மிஞ்சிடாம இருக்க அதில் 5 சதவீதம் குறைச்சு 1,603 கிராம். டிஸ்டில்டு வாட்டர் 3.2 லிட்டர்.

வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்துதான் கடைக்காரர் அள்ளினார். காஸ்டிக் சில்லெல்லாம் ஒட்டிக்கிட்டு, மேல வெள்ளை மாவு பூத்திருந்தது. என்னங்க இதுன்னு கேட்டதும், டம்ளர் தண்ணியில் நாலு சில்லு போட்டு பினால்ஃப்தலீன் (காரம் இருந்தா ரோஸ் ஆகிற டெஸ்ட் திரவம்) ஒரு சொட்டு விட்டார். பளிச்னு ரோஸ் கலர். "பாருங்கக்கா, ஃபுல் பவர். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க." டெஸ்ட்டே பண்ணிக் காட்டுற மனுசனை எப்படி நம்பாம இருக்கிறது? சலவை சோடாவும் அதே ரோஸ் கலரைத்தான் காட்டும். இது தெரியாமலா அவர் கெமிக்கல் கடை வச்சிருக்கார்!

காற்றுபட்ட காஸ்டிக் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து சலவை சோடாவா மாறும். தராசுல எடை நிற்கும், எண்ணெயை மட்டும் சோப்பாக்காது. கரைசல்ல வழக்கமான சூடு ஏறலை, கலங்கலாவே நின்னுது. மறுநாள் மோல்டுல மேலே எண்ணெய், அடியில் தண்ணி, நடுவுல கொழகொழ.

போன் போட்டா "ரெண்டு நாள் விடுங்க, செட் ஆகிடும்". அப்புறம் "உங்க ஊர் போர் தண்ணி உப்புங்கக்கா". டிஸ்டில்டு வாட்டர்னு சொன்னாலும் காதுல ஏறலை. சரி, போர் தண்ணியே ஊத்தினதா வச்சுக்குவோம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்தாக்கூட 3.2 லிட்டர்ல 3 கிராம் காஸ்டிக்கை அது தின்னாது. 1,603 கிராம்ல 3 கிராம்! நேர்ல போனா "பிரிச்ச சரக்கு ரிட்டர்ன் இல்லை". இப்ப போனே எடுக்கிறதில்லை. 4,200 ரூபாய்க்கு அவர் கையில் இருந்து வந்தது ஒரு துண்டுச்சீட்டு.

இதே நிலைமையில இருக்கிறவங்க கொட்டிடாதீங்க. மேலே நிற்கிற எண்ணெய், அடித் தண்ணி எல்லாத்தோடயும் சேர்த்துக் கலக்கி, பத்துல ஒரு பங்கை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, கொதிக்கிற தண்ணிமேல வச்சு சூடாக்குங்க. சீல் பிரிக்காத புது காஸ்டிக் 50 கிராமை 100 கிராம் தண்ணியில் கரைச்சு ஆறவச்சு, அந்தக் கரைசலைத் தடவைக்கு 30 கிராமா ஊத்துங்க. ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் கிண்டிப் பாருங்க. எண்ணெய் பிரியாம அல்வா மாதிரி பளபளன்னு திரண்டதும் நிறுத்திடுங்க. எவ்வளவு இறங்குச்சோ, அதுல ஒன்பது மடங்கு மிச்ச சரக்குக்கு. முடிஞ்சுதான்னு பினால்ஃப்தலீன் வச்சுப் பார்க்காதீங்க; உள்ளே இருக்கிற சலவை சோடாவே ரோஸ் காட்டி ஏமாத்தும். உப்புத் தண்ணி ஊத்தி சோப்பை மட்டும் பிரிச்சு எடுக்கலாம்னு சொல்வாங்க, ஆனா தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புக்கு லேசுல பிரியாது. சலவை சோடா உள்ளேயே தங்கிடும், அதனால இது துணி துவைக்கத்தான். உடம்புக்கு வேண்டாம், விற்கவும் கூடாது.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கடுப்புல முடியலை. 1 கிராம் சில்லைக் கொஞ்சம் தண்ணியில் கரைச்சு, ஆறினதும் 50 மில்லி வினிகரை மெதுவா ஊத்துங்க. நுரைச்சுப் பொங்குச்சுன்னா சலவை சோடா ஆயிடுச்சுன்னு அர்த்தம், வாங்காதீங்க. திறந்த மூட்டை வேண்டாம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க. பில் கேட்டு வாங்குங்க, 1915 நுகர்வோர் உதவி எண்ணுல புகார் கொடுக்க கையில் ஏதாவது இருக்கணும்.