கொடம்புளி கேப்ஸ்யூலா, இசப்கோலா? ரெண்டையும் முழுங்கிப் பாத்தவ சொல்றேன்

போன தீபாவளி முடிஞ்சு வெயிட் மெஷின்ல ஏறுனா 76 கிலோ. எனக்கு மூணு வேளை சோத்துல பிரச்சனை இல்ல, சாயங்காலம் 5 மணிக்கு ஆபீஸ் வாசல்ல வாழக்கா பஜ்ஜி எண்ணெயில விழுற சத்தம் கேட்டா கால் தானா அங்க போயிடும், அந்த ஒரு மணி நேரப் பசியை அடக்க மூலிகையில ஏதாவது இருக்கான்னுதான் தேடுனேன்.

முதல்ல வாங்குனது கார்சினியா கேப்ஸ்யூல். வேற ஒண்ணுமில்ல, மலையாளிங்க மீன் கொழம்புல போடுற கொடம்புளிதான், அதுல இருக்குற ஹைட்ராக்ஸிசிட்ரிக் ஆசிட்டைப் பிரிச்சு டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. ரெண்டு மாசம் விடாம போட்டேன். லேசா நெஞ்சு கரிச்சுச்சு, பஜ்ஜி நிக்கல. அப்புறம்தான் படிச்சேன் (வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்!), 1998-லயே அமெரிக்காவுல 135 பேரை வச்சு 12 வாரம் பாத்திருக்காங்க, நிஜ மாத்திரை போட்டவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க, டம்மி மாத்திரை போட்டவங்க 4.1 கிலோ. டம்மி ஜெயிச்சிருச்சுன்னும் சொல்ல முடியாது, அந்த வித்தியாசம் கணக்குல வராத அளவுதான், ஆனா மாத்திரையால பிரயோஜனம் இல்லைங்கிறது தெரியுதுல்ல. இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டு கூட்டத்துக்கும் நார்ச்சத்து ஜாஸ்தியா இருக்குற டயட் குடுத்திருந்தாங்க.

அதைப் படிச்சதும்தான் இசப்கோலுக்கு வந்தேன். மலச்சிக்கலுக்குன்னு எல்லா மெடிக்கல்லயும் இருக்கும், குஜராத் பக்கம் விளையுற விதையோட உமி, அதுவும் நார்ச்சத்துதான். 4.15-க்கு பெரிய டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டு கலக்குன கையோட குடிச்சிரணும். மொத நாள் யாரோ கூப்பிட்டாங்கன்னு போயிட்டு வந்து பாத்தா டம்ளர்ல ஜவ்வரிசி கஞ்சி மாதிரி கெட்டியாகி நிக்குது, கவுத்தாக்கூட விழல. வயித்துக்குள்ளயும் அதே மாதிரி ஊதி இடத்தை அடைக்குது, விஷயம் அவ்வளவுதான். மொத வாரம் கேஸ் தொல்லை. அப்புறம் நாலு பஜ்ஜி ரெண்டாச்சு, சில நாள் ஒண்ணு. தண்ணி கம்மியா குடிச்சா மட்டும் தொண்டையில அடைச்சுக்கும், ஜாக்கிரதை. மத்த மாத்திரை எதுவும் போட்டா ரெண்டு மணி நேரமாவது தள்ளி குடிங்க.

விலையில இசப்கோல் கம்மி, அதை விடுங்க. நான் முடிவு பண்ணுனது வேற கணக்குல. எதை சாப்பிட்டாலும் நிறுத்துன மறுநாள் பசி திரும்ப வந்துரும், அப்ப இது ரெண்டு மாச சமாச்சாரம் இல்ல, வருஷக்கணக்கா உள்ள போகணும். கார்சினியா ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகுது, ஈரல் கெட்டுப்போன கேஸெல்லாம் பதிவாகியிருக்கு. அபூர்வம்தான், ஆனா பிரயோஜனமே இல்லாத ஒண்ணுக்காக அந்த அபூர்வத்தை நான் ஏன் தினமும் முழுங்கணும்? இசப்கோல் பெரும்பாலும் ரத்தத்துல சேராம வந்த வழியில போயிடுது.

இன்னொண்ணு, ஊர் பேர் தெரியாத ஹெர்பல் பவுடர்ல நிஜமாவே பசி சுத்தமா அடங்குச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. சிபுட்ரமைன்னு ஒரு மருந்து, இதயத்துக்கு ஆபத்துன்னு 2010-ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிறுத்திட்டாங்க, அதை திருட்டுத்தனமா கலந்த மூலிகை சரக்கு அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை மாட்டியிருக்கு.

இப்ப நாலு மாசமாச்சு, 73 கிலோ. மூணு கிலோவும் இசப்கோலாலன்னு சத்தியம் பண்ண மாட்டேன், நடுவுல டீயில சக்கரையும் நிறுத்திட்டேன்.

பசியை அடக்கும்னு விக்கிற இன்னொரு மூலிகை, கள்ளிமுளையான் கேப்ஸ்யூல், அதை இன்னும் தொடல. பெங்களூர்ல 50 பேரை வச்சு 60 நாள் பாத்ததுல பசியும் இடுப்புச் சுத்தளவும் குறைஞ்சிருக்கு, எடை மட்டும் டம்மி கூட்டத்தை விட பெருசா குறையல. எங்க கரிசக்காட்டுல மழை பெஞ்சா ஆச்சி அதைப் பறிச்சு, வத்தலும் புளியும் வச்சு துவையல் அரைப்பாங்க. பசியை அடக்குற செடியாம், அந்தத் துவையல் இருந்தா எனக்கு ரெண்டு தட்டு சோறு போகும்.